தூதர்கள் டீ குடிக்கப் போனபோது

விழுந்தால் தையல் போகும். விழாவிட்டால் மைனி போய்விடுவார். கோபம் தீர்ந்தால் மைனி திரும்பி வருவார். தையல் வராது.

முன்வரிசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஜெயசுந்தரி இதை மனத்துக்குள்தான் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்ல அது இடமில்லை. திருமுல்கேரியில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஃபங்ஷன் ஹால் அது. மணமக்கள் உட்காரும் சிவப்பு சோஃபாவை மேடையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் மெத்தென்ற கம்பளம் விரித்திருந்தார்கள். மணமக்களுக்குக் கம்பளம் வேண்டாம். அவர்கள் விழக் கொஞ்ச காலம் ஆகும். பிரதர் பிளஸ்ஸனின் 'மகிமையின் மாலை'யில் எல்லோரும் உடனே விழுவார்கள்.

ஹால் நிரம்பி, கார்கள் நிறுத்தும் இடம் நிரம்பி, கூட்டம் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. பாலாநகர் தொழிற்சாலைகளிலிருந்து யூனிஃபார்மோடு வந்தவர்கள். பட்டான்செருவில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்தவர்கள். சர்க்கரைக்காரர், மூட்டுவலிக்காரர், மகனுக்கு அமெரிக்க விசா கிடைக்காதவர். நெற்றியில் விபூதி பூசியவர்கள் இருந்தார்கள். முக்காடிட்ட பெண்களும் இருந்தார்கள். எல்லா மதத்தவரும் முண்டியடிக்காமல் ஒரே வரிசையில் நிற்பதை இந்த ஊரில் இரண்டு இடங்களில்தான் பார்க்கலாம். ஒன்று நல்ல பிரியாணிக் கடை. இன்னொன்று நல்ல ஏமாற்றுக்காரனின் வாசல்.

பிரதரின் முறை எளிமையானது. வரிசையில் வருகிறவர் மேடை ஏறி, கால்களைச் சேர்த்து வைத்து, கைகளை உயர்த்தி, கண்களை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். பிரதர் எண்ணெய் தொட்ட உள்ளங்கையை நெற்றியில் வைத்து, "பெற்றுக்கொள்!" என்று கத்துவார். தெலுங்கு ஊர் என்பதால், பக்கத்திலேயே ஒருவர் அதைத் தெலுங்கில் கத்துவார். இரண்டு மொழியிலும் கத்தியபின் யாரால் நிற்க முடியும்? அவர் மல்லாந்து விழுவார். பின்னால் தயாராக நிற்கும் நீலச்சட்டைக்காரர்கள் இருவர் அக்குளில் கை கொடுத்துக் கம்பளத்தில் கிடத்துவார்கள். தினமும் ஜிம்முக்குப் போகிற புஜங்கள் அவர்களுக்கு. "தேவதூதர்கள் ஏந்துகிறார்கள்!" என்று பிரதர் ஒவ்வொரு முறையும் அறிவிப்பார். அந்த ஜிம் புஜங்களைப் பற்றி ஒருமுறைகூட அறிவித்ததில்லை.

மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் மல்லாந்து, வாய் கொஞ்சம் திறந்து, சேலைத் தலைப்பு விலகிக் கிடந்தது ஜெயசுந்தரிதான். 'முதுகெலும்பில் அற்புதம்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. நாற்பத்தேழு வருட வாழ்க்கையில் அவள் எத்தனையோ விதமாக நின்றிருக்கிறாள். ஊர் பார்க்கக் கிடைத்தது இந்த ஒன்றுதான்.

அந்தப் படத்தின் கதை ஒரு தலைவலியில் தொடங்கியது. காலையில் எழுந்து நின்றால் சற்று நேரத்தில் பின்னந்தலையில் ஒரு கை உள்ளிருந்து பிடித்துக் கீழே இழுக்கும். கழுத்து கல்லாகும். காது தண்ணீருக்குள் இருப்பதுபோல அடைக்கும். படுத்தால் ஒன்றும் இல்லை. அதுதான் அவமானம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், வீக்கம் என்றால் காட்டலாம். இது நின்றால் நோய், படுத்தால் சோம்பல். "படுத்துக்கிட்டு போன் பேசும்போது நல்லாத்தான இருக்கா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். ஒரு டாக்டர் சைனஸ் என்றார். ஒருவர் கண்ணாடியை மாற்றினார். இன்னொருவர் வயதைக் கேட்டுவிட்டு, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் கணவன் மோசஸின் அக்கா, ஹெப்சி மைனி, பிரதரிடம் கூட்டிப்போனார். ஜெயசுந்தரி கால்களைச் சேர்த்தாள், கண்களை மூடினாள், விழுந்தாள். கம்பளத்தில் கிடந்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. வலி மெல்லக் கழன்று போனது.

போயே போய்விட்டது! அவள் அழுதாள். யாரோ வாயருகே மைக்கை நீட்டினார்கள். "வலி இல்ல... வலியே இல்ல..." என்றாள். ஹால் அல்லேலூயாவில் அதிர்ந்தது. யாரோ வீடியோ எடுத்தார்கள். அவள் எழுந்து, வாசலுக்கு நடந்து, ஆட்டோவுக்குப் பேரம் பேசி முடிப்பதற்குள் அந்தக் கை பின்னந்தலையை மறுபடி பிடித்துக்கொண்டது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"விசுவாசக் குறைவு," என்றார் பிரதர். "கர்த்தர் குடுத்தாரு. சிஸ்டர் தக்கவைக்கல."

அதை அவள் நம்பினாள் என்பதுதான் கொடுமை. தனக்குள் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதன் வழியே விசுவாசம் ஒழுகிப் போகிறது என்று நினைத்தாள். ஓட்டை இருந்தது உண்மைதான். ஒழுகியது வேறு. அடுத்த கூட்டத்துக்குப் போனாள், விழுந்தாள், வலி போனது, எழுந்தாள், வந்தது. அதற்கடுத்த கூட்டத்துக்கும் போனாள். வலியைவிடக் குற்ற உணர்ச்சி பெரிதாக வளர்ந்தது. அது படுத்தாலும் போகவில்லை.

அவளுக்கு வேலை பட்டான்செருவில், ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே எந்தச் சோதனையையும் ஒருமுறை மருந்தே இல்லாமல் செய்து பார்க்க வேண்டும். குடுவை அதே, கரைசல் அதே, சூடு அதே. மருந்து மட்டும் இருக்காது. மருந்து போடாத குடுவையும் அதே அளவைக் காட்டினால், அந்த அளவு மருந்தினுடையது இல்லை. இதற்கு பிளாங்க் என்று பெயர். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதை ஜெயசுந்தரிதான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து வந்தாள். ஒரு நாள் மதியம், வலி தாங்காமல், பெண்கள் ஓய்வறையின் மரபெஞ்சில் மல்லாந்து படுத்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. வலி மெல்லக் கழன்று போனது.

எண்ணெய் இல்லை. கத்தல் இல்லை. தெலுங்கு மொழிபெயர்ப்பு இல்லை. பிரதரே இல்லை.

பெஞ்சில் கிடந்தபடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பெண்ணாவது சோதனைக் கூடத்தில் பிளாங்க் ஓட்டாமல் முடிவெழுதிக் கொடுத்தால், "மூளைய லாக்கர்ல வச்சிட்டு வந்தியா?" என்று கேட்பாள். தன் மூளையை அவள் வைத்துவிட்டு வந்தது ஃபங்ஷன் ஹாலில். வலி போனது பொய்யில்லை. அதைப் போக்கியவர் யார் என்பதுதான் பொய்.

அதன் பிறகு பார்த்த டாக்டர் அக்ஷதா முதலில் கேட்ட கேள்வியே, "நின்னா வலிக்கும், படுத்தா போயிடும், அவுனா?" என்பதுதான். முதுகுத் தண்டில் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறையில் குண்டூசி முனையளவு கிழிசல். மூளை மிதக்க வேண்டிய நீர் அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது. நிற்கும்போது மிதப்பு போதாமல் மூளை கீழே இழுபட்டது, படுத்தால் இழுப்பு இல்லை. அவளுடைய ரத்தத்தையே எடுத்து அங்கே செலுத்தி அடைத்துப் பார்த்தார்கள். கசிவு நிற்கவில்லை. பிறகு அறுவை சிகிச்சை. முதுகில் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கீறல். அதில் ஒரு மெல்லிய குழாயை இறக்கி, அதன் வழியாகவே பார்த்து, அதன் வழியாகவே தைத்தார்கள்.

"மெல்லமா இருக்கணும்," என்றார் அக்ஷதா. "குனியக் கூடாது, தூக்கக் கூடாது, உடம்ப முறுக்கக் கூடாது. தும்மல் வந்தா வாயத் தெறந்து தும்முங்க. முக்கியமா, கீழ விழக் கூடாது. தையல் பிஞ்சா மறுபடி மொதல்லேருந்து."

இப்போது அவள் கட்டிலிலிருந்து எழுவதே ஒரு சடங்கு. மரக்கட்டையைப் போல மொத்தமாக ஒருக்களித்து உருண்டு, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கீழே விழுந்த சீப்பு மோசஸ் ஆபீஸிலிருந்து வரும்வரை கீழேயேதான் கிடக்கும். வலியும் குட்டிக்கரணம் அடித்திருந்தது. மல்லாந்து படுத்தால் நெற்றி இறுகியது, நிமிர்ந்தால் சுகம். கிழிசல் அடைபட்டதும் உள்ளே அழுத்தம் சற்றுக் கூடும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

ஒரு காலைப்பொழுதில் அடுப்படியில் நின்று, தானே டீ போட்டு, நின்றபடியே குடித்து முடித்தாள். வலி வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ராணுவ லாரி ஒன்று போனது, நாய் ஒன்று அதைத் துரத்தியது. நின்றுகொண்டு உலகத்தைப் பார்ப்பது இவ்வளவு பெரிய சொத்தா என்று நினைத்தாள். அதை இனி யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கேட்க ஆள் வந்தது. சென்ற வாரம் பிரதரே வீடு தேடி வந்தார். கூடவே ஹெப்சி மைனி.

"பார்த்தியாட்டி சுந்தரி, எவ்வளவு பெரிய ஊழியக்காரர், உன் வீட்டுப் படியேறி வந்திருக்காவ!" என்றார் மைனி.

"டாக்டர் சும்மா கருவி, சிஸ்டர்," என்றார் பிரதர் பிளஸ்ஸன். வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. பல் மட்டும் கொஞ்சம் மஞ்சள். "நான் தொட்டேன், கிழிசல் சின்னதாச்சு. அதான் சின்ன ஆபரேஷன்ல முடிஞ்சுது. ஆமாவா இல்லையா?"

"நீங்க தொடுறதுக்கு முன்னாடி அது எவ்வளவு பெருசா இருந்திச்சுன்னு படம் எடுத்து வச்சிருக்கீங்களா பிரதர்?"

"ஏட்டி!" என்று அதட்டினார் மைனி.

பிரதர் கோபப்படவில்லை. தொழிலில் கோபம் நஷ்டம். "அடுத்த கூட்டத்துல சிஸ்டர் சாட்சி சொல்லணும். மேடையில ஒரு தொடுதல், ஒரு விழுதல், அவ்ளோதான். ஜனங்க பார்க்கணும்ல? இப்பவே இந்த சோஃபாவுல படுங்க, ஜெபிச்சிட்டுப் போறேன்."

மரியாதைக்காக அவள் படுத்தாள். அவர் கையை வைத்தார். நெற்றி இறுகி, கண் பிதுங்குவதுபோல வலித்தது. ஒருக்களித்து உருண்டு எழுந்து உட்கார்ந்தாள். வலி இறங்கியது.

"பிரதர், முன்னாடி நீங்க தொட்டா வலி போச்சு. இப்ப தொட்டா வருது. அதே கைதான?"

"சாத்தான் எதுக்கிறான் சிஸ்டர்."

படுத்தால் வலி போனபோது பிரதரின் வல்லமை, படுத்தால் வலி வரும்போது சாத்தானின் வேலை. இந்தக் குடுவையில் எந்த மருந்தை ஊற்றினாலும் பிரதர் பாஸ் ஆகிவிடுவார் என்று ஜெயசுந்தரி நினைத்துக்கொண்டாள்.

பிரதர் போனபின் மோசஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன் ஜெயா. பிடிக்கதுக்குத்தான் ஆள் நிக்கிதாங்களே. மெல்லமா விழு."

"மெல்லமா விழறதுக்குப் பேரு படுக்கறது. அத நான் வீட்டுலயே செய்யுதேன்."

"டாடி, ஆர் யூ சீரியஸ்?" என்று உள்ளறையிலிருந்து வந்தாள் மகள் எமி. தமிழில் கேட்டால் மூன்று மொழியில் பதில் சொல்லுகிறவள். "ஸ்டிச் பிஞ்சா மறுபடி ஆபரேஷன். வத்து மம்மி. போகவே வேணாம்."

ஜெயசுந்தரிக்கும் போகாமல் இருக்கத்தான் ஆசை. ஆனால் அந்த ஃப்ளெக்ஸ் இருந்தது. வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று அவள் பலமுறை சொல்லியாயிற்று. பிரதரின் ஆட்கள் புன்னகைத்ததோடு சரி. அவளுடைய திறந்த வாயைப் பார்த்து நம்பி எத்தனை பேர் டாக்டரிடம் போகாமல் இந்த வரிசையில் நிற்கிறார்களோ?

"போறேன்," என்றாள். "சாட்சி சொல்லுவேன். விழ மாட்டேன்."

மோசஸ் முதல் பாதியை மட்டும் அக்காவுக்குப் போன் செய்து சொன்னான்.

இப்போது மேடையில் அவள் பெயர் கூப்பிடப்பட்டது. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறினாள். நீலச்சட்டைகள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றன. ஆர்கன் வாசிப்பவர் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்தார். மேடையோரம் தலைவலிக்காரர்கள், மூட்டுவலிக்காரர்கள் வரிசையாகத் தம் முறைக்குக் காத்திருந்தார்கள்.

"இந்தச் சகோதரி!" என்றார் பிரதர். "ஈ சகோதரி!" என்றார் மொழிபெயர்ப்பவர்.

"முதுகெலும்பு உடைஞ்சு கிடந்தா!"

முதுகெலும்பு தெலுங்கிலும் உடைந்தது. எண்ணெய்க் கை அவள் நெற்றியை நோக்கி உயர்ந்தது. அவள் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள். மற்றொரு கையில் பிரதர் தளர்வாகப் பிடித்திருந்த மைக்கை, நன்றி சொல்ல வாங்குகிறவளைப் போல, வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பிரதர் எப்பவும் ஒண்ணு சொல்லுவாரு. நம்மள ஏந்துறது தேவதூதர்கள்."

"ஆமென்!" என்றது கூட்டம்.

"ஆனா இந்த நீலச்சட்டைத் தம்பிமாரு மத்தியானத்துலேருந்து நிக்கிறாங்க. தண்ணிகூட குடிக்கல."

"ஆமென்!"

"தூதர்கள்தான் இருக்காங்களே. தம்பிமாரு கீழ போய் டீ குடிச்சிட்டு வரட்டும்."

"ஆமென்! அல்லேலூயா!"

மேடையிலிருந்து வருகிற எதற்கும் ஆமென் சொல்லிப் பழகிய கூட்டம் அது. மொழிபெயர்ப்பவரும் பழக்கதோஷத்தில் கை இரண்டையும் விரித்து முழங்கினார்: "தம்முள்லாரா! டீ தாகி ரண்டி!" தெலுங்கு தவிர வேறொன்றும் அறியாத நீலச்சட்டைகள் அந்த அழைப்பைக் கேட்டதும் பரிசுத்தமான மகிழ்ச்சியோடு படியிறங்கிப் போனார்கள். பிரதர் வாயைத் திறந்தபோது அவர்கள் வாசலருகே பிஸ்கட்டில் கை வைத்திருந்தார்கள்.

"வரட்டும், அவங்க வந்தப்புறம்..." என்றார் பிரதர்.

"எதுக்கு பிரதர்? தூதர்கள் இருக்காங்க!" என்று கீழேயிருந்து ஒரு பெண் உற்சாகப்படுத்தினாள். பாவம், அவள் முழு மனத்தோடுதான் சொன்னாள். நூறு செல்போன்கள் உயர்ந்தன.

வரிசையில் முதலாவதாக ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்தார். கால்களைச் சேர்த்தார், கைகளை உயர்த்தினார், கண்களை மூடினார். பிரதர் கையை வைத்து, "பெற்றுக்கொள்!" என்றார். வழுக்கைத் தலைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, கழுத்தைத் திருப்பி, பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு காலைப் பின்னால் ஊன்றி, உறுதியாக நின்றுகொண்டார்.

அடுத்து வந்த அம்மாள் கீழே கம்பளத்தைப் பார்த்தார், தன் உடம்பைப் பார்த்தார், "மொழங்கால் ஆபரேஷன் ஆனது பிரதர்," என்று தானாகவே மெதுவாக உட்கார்ந்தார். மூன்றாவது இளைஞனைப் பிரதர் கொஞ்சம் பலமாகவே தள்ளினார். அவன், "என்ன அண்ணா, தள்ளுறீங்க? எதுக்கு?" என்றான். பக்கத்தில் நின்ற ஜெயசுந்தரியின் கையிலிருந்த மைக் அதை ஹால் முழுவதும் கொண்டுபோனது. மொழிபெயர்ப்பவர் அதையும் தெலுங்கில் சொன்னார். நான்காமவர் வரிசையை விட்டே விலகி, தூதர்கள் திரும்பும்வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

ஒருவரும் விழவில்லை.

"விசுவாசக் குறைவு!" என்று பிரதர் அலறினார். "இங்க விசுவாசம் இல்ல!"

"அல்லாருக்கும் ஒரே நேரத்துலயா கொறஞ்சு போச்சு?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பின்வரிசையில் ஒரு குரல், "டீ முடிஞ்சதும் வந்துரும்!" என்றது. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி ஹாலைச் சுற்றி வந்தது. ஆர்கன்காரர் என்ன வாசிப்பதென்று தெரியாமல் கையை எடுத்துவிட்டார். ஹெப்சி மைனி மட்டும் சிரிக்கவில்லை. சற்றுமுன் மொத்தக் கூட்டத்தோடு சேர்ந்து தானும் ஆமென் சொன்னது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஜெயசுந்தரியின் கையில் இன்னும் மைக் இருந்தது. அதை வாயருகே உயர்த்தினாள்.

"என் சாட்சி சின்னதுதான். அந்தப் படத்துல நான் விழுந்தது நெசம், வலி போனதும் நெசம். எனக்கு இருந்த நோய்க்கு, எங்க படுத்தாலும் வலி போகும். எங்க கம்பெனி மரபெஞ்சுல படுத்தேன், போச்சு. அந்த பெஞ்ச் யாருகிட்டயும் காணிக்கை வாங்கல. நின்னா வலி, படுத்தா இல்லன்னு இங்க யாருக்காவது இருந்தா, எந்திரிச்சு நேரா நரம்பு டாக்டர்கிட்ட போங்க. இப்ப நான் நிக்கிறது டாக்டரம்மா போட்ட தையல்ல." வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்தாள். "அண்ணன் விழறதுக்கு முன்னாடி கழுத்தத் திருப்பிப் பார்த்தாரு பாருங்க, அதுதான் புத்தி. பார்க்கத் தெரிஞ்ச கழுத்துக்கு மேலதான தலையும் இருக்கு? அதையும் ஒரு தடவ பயன்படுத்திப் பாருங்க."

இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பவர் ஒரு கணம் பிரதரைப் பார்த்தார். பிறகு, மெல்லிய குரலில், ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். கீழே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து வாசலுக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள்.

பிரதர் பிளஸ்ஸன் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, அணைத்து, அவளருகே வந்தார். எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. முதல்முறையாக அவர் மனிதர் பேசுகிற குரலில் பேசினார்.

"அக்கா, பொழப்பு போயிரும். நீங்க ஒருத்தர் விழுந்தா போதும். உங்க படம்தான் பின்னால இருக்கு, நீங்க விழுந்தா நம்புவாங்க. பயப்படாதீங்க. நானே பிடிச்சுக்கிறேன்."

தூதர்களை நம்பச் சொன்னவர் கடைசியில் தன் இரண்டு கைகளைத்தான் நம்பினார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் எண்ணெய் இன்னும் காயவில்லை. முன்வரிசையில் மைனி, விழு விழு என்று கண்ணால் கெஞ்சினார். மோசஸ் தலையைக் குனிந்துகொண்டான். அறுவை நடந்த இடத்தில், ரவிக்கைக்குள்ளே, தையல் லேசாகக் குறுகுறுத்தது.

"நக்கோ பிரதர், வேணாம்," என்றாள் ஜெயசுந்தரி, அவருக்கு மட்டும் கேட்கும்படி.